பயந்துவிட்டாள் என்றார்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் தொடங்கி இடுப்பில் போய் முடிகிறது. நானும் அப்படித்தான் தொடங்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் அது வலது மணிக்கட்டு. போன மழைக்காலத்தில் ஒருநாள் குக்கர் மூடியைத் திருக முடியவில்லை. மகன் விடாமல் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் மலையாளி, அவன் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது எப்போ ஒடிஞ்சது அம்மா?" என்று கேட்டார்.

"ஒடியவே இல்லையே."

"ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்சு, கூடாமலே இருக்கு. பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்ன எலும்பு. ஒருபாடு கொல்லம், ரொம்ப வருஷம் ஆயிருக்கும். குட்டியா இருக்கும்போது எங்கேயாவது விழுந்தீங்களா?"

எங்கே விழவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபம். நான் விழுவதற்காகவே வளர்க்கப்பட்ட பெண். பன்னிரண்டு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்காக வெளிநாடு போனவள். போன இடத்தில் பயந்து, பாதியில் இறங்கி வந்தவள். எங்கள் தெருவில் என்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆட்டோவில் திரும்பி வரும்போது அந்த வருஷத்து இடவப்பாதி மழை மாதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அலுப்புதான்.

எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அன்றைக்கு ஓட்டுக்கூரை, சிமெண்டுத் தரை, அதன்மேல் தென்னை நார் அடைத்த மெத்தைகள். மழைக்காலம் வந்தால் மெத்தைகள் தண்ணீர் குடித்து, ஈர நாய் மாதிரி நாறும். அதில் உருண்டு எழுந்தால் தோள்பட்டையில் நாரின் பின்னல் அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருக்கும். மரக் கம்பியில் தொங்கினால் கை உரியும் என்பதால், அரிக்கேன் விளக்குக்குப் போடும் அகலத் திரியை வாங்கி உள்ளங்கையில் சுற்றிக்கொள்வோம். வழுக்காமல் இருக்க வெள்ளைப் பொடி ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். அந்த டின்னின் மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அதன் ஒரு கண்ணைப் பொடி தின்றுவிட்டது. அந்த டின் எங்கே போனதோ!

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஊர்ப்பெயர்தான். நான் வலியசாலை. அக்ரகாரத்துப் பெண், அப்பா செக்ரட்டேரியட்டில் வேலை. இன்னொருத்தி பொன்முடி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார்கள். அவள் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள். ஏதோ பள்ளிக்கூடப் போட்டியில் அவள் மதில்மேல் கைகளால் நடந்து போனதைப் பார்த்து, சார் கூட்டிவந்து ஹாஸ்டலில் சேர்த்திருந்தார். எனக்கும் அவளுக்கும் ஒரே உயரம், ஒரே எடை. ஹாலில் மற்றவர்கள் மலையாளிகள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதிலும் என் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவள் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன்.

முந்தின வருஷம், பதினொரு வயதில், சிங்கப்பூரில் நடந்த ஒரு சின்னப் போட்டியில் எனக்கு பீமில், அந்த ஒல்லிக் கட்டைமேல் செய்யும் பிரிவில், வெண்கலம் கிடைத்திருந்தது. பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை.

"துடை முழுக்கத் தெரியறது. இதை ஊர் முழுக்கப் போட்டுக் காட்டணுமா?"

"எல்லாக் குழந்தைகளும் அதைத்தானே போட்டுண்டிருக்கு" என்றார் அப்பா.

"எல்லாக் குழந்தைகளும் வலியசாலையிலயா இருக்கு?"

அதற்கு அடுத்த இடவப்பாதி மழையில் ஐரோப்பாவில் ஒரு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் ஹாலிலிருந்து ஒரு பெண் போகலாம். சார் என்னைச் சொன்னார். எனக்கு ஏதாவது ஆனால் பொன்முடி போவாள் என்றும் சொன்னார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டோம். ஆனால் அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கும்போது ஒரு கணம் அதிகமாகப் பார்ப்பாள்.

அழைப்பு வந்ததும் வீட்டில் முதலில் எழுந்த பிரச்சினை முட்டை. சார் அப்பாவைக் கூப்பிட்டு, தினம் இரண்டு முட்டை கொடுக்காமல் இந்த உடம்பை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மா கேட்டதும் அடுக்களையிலிருந்து பாலையும் பருப்பையும் எடுத்து வெளியே வைத்தாள். "இது போறாதா அவருக்கு? முட்டை வந்தா நான் வெளியில போறேன்."

மறுநாள் சாயங்காலம் அப்பா ஹாலுக்கு வந்து என்னை அழைத்துக்கொண்டு தம்பானூருக்குப் போனார். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜ். கீழே ஓட்டல். உள்ளே போய், ஜன்னலைவிட்டுத் தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்தார்.

"அம்மாகிட்ட சொல்லப்படாது, கேட்டியா?"

"என்னன்னு சொல்லப்படாது?"

"வந்ததே சொல்லப்படாது."

ஆம்லெட் வந்தது. பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தபடி டீ குடித்தார். முடித்ததும் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்ளக் கொடுத்தார். அப்புறம் அது வழக்கமாயிற்று. நான் ஆம்லெட்டை விரும்பத் தொடங்கினேன். அப்பா கடைசிவரை காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இப்போது நினைத்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. அந்த முட்டையைப் பற்றி வீட்டில் நடந்த யோசனையில் பத்தில் ஒரு பங்கு என் கையைப் பற்றி நடந்திருக்கலாம்.

கை போனது ஒரு காலைப் பயிற்சியில். விடியவிடிய மழை. ஹாலில் ஓடு ஒழுகி, நடுவில் குளம் கட்டி நின்றது. சார் எங்களையும் சேர்த்துக்கொண்டு மெத்தைகளைச் சுவர்ப்பக்கமாக இழுத்துப் போட்டார். இரண்டு மெத்தைக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் பின்பக்கமாக வளைந்து குதித்தேன். இடது கை மெத்தையில் விழுந்தது. வலது கை சிமெண்டில் விழுந்தது. சத்தம்கூட வரவில்லை. வெந்நீரில் கையை விட்டதுபோல் ஒரு சூடு மட்டும் முழங்கைவரை ஏறியது.

சார் ஓடிவந்து கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். மடக்கினேன்.

"விரல் அனங்குதே, அசையுதே. உளுக்காக்கும், சுளுக்கு. தைலம் போட்டா மாறும்."

சாலைக் கடைவீதிப் பக்கம் ஒரு வைத்தியர் இருந்தார். அப்பா கூட்டிப்போனார். வைத்தியர் சூடான தைலத்தை ஊற்றித் தேய்த்து, பெருவிரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "இனி ஓடியாடலாம்" என்றார். வீட்டில் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பேப்பரில் படம் போட்டதன் திருஷ்டி என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. சாரும் அப்பாவும் அம்மாவும் அவரவர் வழியில் என்னைக் கவனித்துக்கொண்டார்கள். அதை நான் மறுக்கவில்லை.

தினமும் காலையில் பொன்முடிதான் எனக்குத் திரி சுற்றிவிடுவாள். சுற்றும்போது ஒருநாள் நின்றுவிட்டாள்.

"ஏ, வலியசாலை, இது உளுக்கு இல்லடி. பெருவிரல் பக்கம் குழியே காணோம் பாரு. எங்க லயத்துல ஒரு அண்ணனுக்கு இப்படித்தான் வீங்கிருந்துச்சு. ஒடிஞ்சிருந்துச்சு."

"சார்கிட்ட வலிக்கறதுன்னு சொன்னேனே."

"என்ன சொன்னாரு?"

"வேதனை இல்லாம ஜிம்னாஸ்டிக்ஸ் உண்டோ மோளேன்னார்."

அவள் திரியைக் கீழே போட்டாள். நேரே சாரிடம் போனாள். அப்பாவும் அன்றைக்கு அங்கே நின்றிருந்தார், பயண விஷயமாகப் பேச வந்தவர். ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "சார், அவ கை ஒடிஞ்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

சார் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"அவள் போகலைன்னா ஆரு போகும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பறை, சொல்லு. ஆரு போகும்?"

"நானு."

"அதாக்கும் காரியம். நீயாக்கும் அவளுக்குப் பேடி உண்டாக்குறது."

பேடி என்றால் இங்கே பயம். அந்த வார்த்தை முதல்முதலில் என்மேல் வந்து ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். நான் பக்கத்தில் போய், "நிஜமாவே வலிக்கறது சார்" என்றேன். சார் என் தலையைத் தடவினார். "கண்டோ? இவள் பறஞ்சு பறஞ்சு, உனக்கும் தோணத் தொடங்கியாச்சு" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா சொன்னார்: "பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா? பொறாமைதான். நீ மனசுல வச்சுக்காதே." அப்பா அவளைத் திட்டக்கூட இல்லை. அவள்மேல் இரக்கப்பட்டார்.

அந்த வார முடிவில் பொன்முடி ஹாலுக்கு வரவில்லை. நான் போய்விட்டு வரும்வரை அவள் வீட்டிலேயே இருக்கட்டும், என் மனசு கலையாமல் இருக்கும் என்று சார் அனுப்பிவிட்டாராம். அதன்பிறகு எனக்கு நானே இடது கையாலும் பல்லாலும் திரி சுற்றிக்கொண்டேன். அவள் சுற்றுகிறமாதிரி வரவே இல்லை.

வெளிநாட்டில் பனி இருக்கும் என்று அம்மா கம்பளிச் சட்டை வாங்கித் தந்திருந்தாள். அங்கே நல்ல வெயில். போட்டி நடந்த கட்டிடத்தில் எதுவும் நாறவில்லை. எனக்கு அதுவே பெரிய அதிசயம். முதலில் ஃப்ளோர். நான் ஓடிவந்து கையை ஊன்றிக் குதித்தேன். அந்தத் தரைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சாருக்கே தெரியுமோ என்னவோ. தரை என்னைத் தூக்கி எறிந்தது. நாங்கள் தென்னை நார் மெத்தையில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் முக்கி முனகி ஏறியவர்கள். அங்கே ஏதோ ஒன்று கீழேயிருந்து என்னைத் தாங்கி, இன்னும் போ, இன்னும் போ என்று அனுப்பியது. மேலே, தலைகீழாக, விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சிரிப்பு வந்தது. இறங்கும்போது இரண்டு அடி தள்ளாடினேன். ஆனாலும் கைதட்டினார்கள். அப்படி ஒரு உயரத்துக்கு நான் அதன்பிறகு போனதில்லை. நம்மில் யார்தான் போயிருக்கிறோம்?

அடுத்தது வால்ட். ஓடிவந்து இரண்டு கையாலும் குதிரை என்கிற தோல் மேடையை அடித்துத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டேன். ஆனால் அந்த அடியில் கைக்குள் ஏதோ நகர்ந்தது. அதற்கடுத்து பார்ஸ். மேல் கம்பியைப் பிடித்தபோது விரல்கள் மூடவில்லை. மூடு மூடு என்கிறேன், அவை வேறு யாருடைய விரல்களோபோல் நிற்கின்றன. விழுந்தேன். எழுந்து மறுபடி ஏறினேன். சுழலப்போகும் நேரத்தில் வலது கை தானாகவே விட்டுவிட்டது. இடது கையில் ஒரு கணம் தொங்கினேன், துவைத்த துணி மாதிரி. அப்புறம் அதையும் விட்டேன்.

ஒரு டாக்டரம்மா வந்தார். நரைத்த தலை, குளிர்ந்த விரல்கள். பெருவிரலுக்குக் கீழே ஒரே ஒரு இடத்தில் அழுத்தினார். நான் கத்தினேன். அவர் சாரிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். சாருக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையைத் தலையை ஆட்டினார். "நர்வஸ், நர்வஸ்" என்றார். டாக்டரம்மா இல்லை இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, ஒரு கட்டுப் போட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பீமில் என்னை ஏற்றவில்லை.

ஊர் திரும்பினேன். மாலையெல்லாம் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "பயந்துட்டியாமே, குழந்தே?" கோயில் வாசலில், பள்ளிக்கூடத்தில், கல்யாண வீடுகளில். யாரும் கேலியாகக் கேட்கவில்லை. எல்லோரும் ஆறுதலாகத்தான் கேட்டார்கள். ஆறுதலாகக் கேட்கிறவர்களிடம் எப்படி இல்லை என்பது? ஆமாம் என்று தலையாட்டிப் பழகினேன். கை வீக்கம் வற்றியது. பயம் வற்றவில்லை. ஹாலுக்குப் போவதை நிறுத்தினேன். பொன்முடியும் திரும்பி வரவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் அது ஒரு காரணமாகிவிட்டது. ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளவில்லை, நான் பயந்த சுபாவம். பாங்க் வேலையில் வடக்கே மாற்றலோடு வந்த பிரமோஷனை வேண்டாம் என்றேன், நான் பயந்த சுபாவம். வீட்டுக்காரர் பிள்ளைகளை மலைப்பக்கம் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனபோதெல்லாம் நான் வீட்டில் இருந்தேன். கொண்டைஊசி வளைவு என்றால் எனக்கு ஆகாது என்றேன். ஆகாதா என்று ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்த அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அப்பாவும் சாரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கேட்க மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான். எண்பது தாண்டிவிட்டது. பாதி ஞாபகம் உண்டு, பாதி இல்லை.

"அம்மா, அன்னிக்கு என் கை ஒடிஞ்சிருந்ததாம்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"தம்பானூர்ல அத்தனை முட்டை தின்னுமா ஒடிஞ்சுது?"

"உனக்குத் தெரியுமா?"

"ஏலக்காய் மணம் வந்தா தெரியாதா? ஏலக்காய் டப்பா என்கிட்டதானே இருக்கு." அவள் புடவைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டாள். "நீ பயந்துட்டேன்னு சொன்னாளே எல்லாரும்."

"பயமில்லைம்மா. ஒடிஞ்சிருந்தது."

"அப்படியா" என்றாள் அம்மா. பிறகு, "காப்பி போடறியா?" என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

பொன்முடி எங்கே இருக்கிறாள் என்று ஹாலில் கூட இருந்த ஒருத்தியிடம் விசாரித்தேன். அவள் போனிலேயே சிரித்தாள். "நீ பஸ்ஸிலயே போறதில்லையா? அவ கண்டக்டராக்கும். பொன்முடிக்குப் போற வண்டியிலயே ஓடறா. ரிட்டயர் ஆகப் போறா." தம்பானூர் பஸ் ஸ்டாண்டு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் நின்றேன். சீருடையில், தோளில் பையோடு, டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். தலைமுடி என்னைவிட நரைத்திருந்தது. நான் என்ன சொல்வது என்று தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய பார்வை, ஒரு கணம் அதிகமாக.

"வலியசாலைதானே? கை சரியாச்சா?"

போன வாரம் பார்த்தவளைக் கேட்பதுபோல் கேட்டாள். என் கையைப் பிடித்து ஏற்றி, முன்னால் ஒரு சீட்டில் உட்கார வைத்தாள். வண்டி கிளம்பியது. ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் நடுவே, விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. விதுரை தாண்டி, கூட்டம் குறைந்த பிறகு சொன்னேன்.

"நீ சொன்னது சரி. ஒடிஞ்சுதான் இருந்தது. இப்போதான் தெரிஞ்சுது."

"எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை.

"உன்னைப் பொறாமைக்காரின்னு சொல்லி அனுப்பிட்டா. அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் சில்லறையைப் பைக்குள் போட்டு மூடினாள். "பொறாமை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்டி. ராத்திரியெல்லாம் ஏரோப்பிளான்தான் கண்ணுல நிக்கும். நீ போகாம இருந்தா நல்லாருக்குமேன்னு நெனச்சேன். ஆனா சொன்னது உண்மை. ரெண்டும் இருந்துச்சு. சாருக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது."

"மறுபடி ஏன் வரலை?"

"அம்மா கூட கொழுந்துக்குப் போனேன். அப்புறம் பரீட்சை எழுதி இது கெடச்சுது. விட்டுத் தள்ளு. மேல குளிரும், சால்வை கொண்டாந்தியா?"

கல்லாறு தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கமாகச் சாய, பள்ளம் ஜன்னலுக்கு நேராக வந்து வந்து போனது. நான் இடது கையால் முன் சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் நடுவழியில் நின்று, குனிந்து, பின் சீட்டுப் பையன்களுக்கு மீதி கொடுத்துக்கொண்டிருந்தாள். எதையும் பிடிக்கவில்லை. ஒரு பாதம் முன்னால், ஒரு பாதம் பின்னால், ஒரே கோட்டில். வண்டி திரும்பும்போது அவள் இடுப்பு மட்டும் லேசாகத் திரும்பியது. தோள் அசையவே இல்லை.

"கம்பியைப் பிடிச்சுக்கோயேன்" என்றேன்.

"எதுக்கு?" என்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.